ஹைக்கு: பீட்டா 5-க்கு அப்புறம் நைட்லியில் குடித்தனம்

ஹைக்கு இயங்குதளம் என்று பேச்சை எடுத்தாலே "இன்னுமா பீட்டா?" (அதாவது இறுதியாகாத சோதனைப் பதிப்பு) என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. 2001-இல், பிஓஎஸ் (BeOS) என்ற இயங்குதளத்தைச் செய்துவந்த பி (Be) நிறுவனத்தின் சொத்துகளைக் கையடக்கக் கணினி நிறுவனமான பாம் (Palm) வாங்கி, பிஓஎஸ்ஸுக்கு மூடுவிழா நடந்த சமயத்தில், அதன் ரசிகர்கள் சிலர் சரி, நாமே முதலிலிருந்து எழுதிவிடுவோம் என்று ஓபன்பிஓஎஸ் என்ற பெயரில் கிளம்பினார்கள். 2004-இல் பெயர் ஹைக்கு ஆனது, முதல் ஆல்பா 2009-இல், முதல் பீட்டா 2018-இல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். ஆனால் பீட்டா எண்ணை வைத்து இதை எடைபோட்டால் ஒன்றும் புரியாது. வேலை முழுக்க நடப்பது நைட்லி பதிப்பில். மாற்றங்கள் உள்ளே போகப் போக அது தானாகக் கட்டப்பட்டு வந்துகொண்டே இருக்கும். அதை அவ்வப்போது ஓர் இடத்தில் நிறுத்தி, பிழை களைந்து வெளியே விட்டால் அதற்குப் பெயர் பீட்டா. நான் எழுதுவது நைட்லியைப் பற்றி.

முதலில் ஓர் எச்சரிக்கை: திரையைப் பார்த்தால் எதுவும் மாறியதாகவே தெரியாது. அதே மஞ்சள் தாவல், மெனுவும் ஓடும் மென்பொருள்களும் வரிசையாக நிற்கும் அதே டெஸ்க்பார், கோப்புகளைப் பார்க்க அதே ட்ராக்கர். நிறங்களில் சிலவற்றை மட்டும் நாம் தேர்ந்தெடுத்தால் மிச்சத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது என்பதால் இருண்ட தோற்றம் இப்போது பார்க்கும்படி இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் தரைக்கு அடியில். இணையத் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் டிசிபி பகுதியைத் திருத்தியதில் பதிவிறக்க வேகம் பல மடங்கு ஏறியது, பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பு முறைமைக்கான டிரைவரையே தூக்கிவிட்டு ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறந்தமூல இயங்குதளத்துடையதை அடிப்படையாக வைத்து வேறொன்று எழுதினார்கள். வைஃபை டிரைவர்களும் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இரண்டிலிருந்தும் ஓர் இடைப்படலம் வழியாக வருகின்றன. இந்த இரவல் ரொம்பச் சரியான முடிவு என்பேன், ஒரு சிலர் கையில் ஓடுகிற திட்டத்தில் ஒவ்வொரு வைஃபை சில்லுக்கும் டிரைவர் எழுத உட்கார்ந்தால் இந்த ஜென்மத்தில் முடியாது.

நைட்லியைத் தைரியமாக வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் காரணம் அதன் பேக்கேஜ் அமைப்பு. மற்ற இயங்குதளங்களில் ஒரு மென்பொருளை நிறுவினால் கோப்புகள் பிரிந்து நாலா பக்கமும் சிதறும். இங்கே பேக்கேஜைப் பிரிப்பதே இல்லை. அந்த ஒரே கோப்பு ஒரு கோப்புறையில் கிடக்கும், உள்ளே இருப்பது அப்படியே மவுண்ட் ஆகிக் கணினியின் பகுதியாகத் தெரியும். கோப்பை அந்த இடத்திலிருந்து இழுத்து வெளியே போட்டால் மென்பொருள் போய்விட்டது, எச்சமும் கிடையாது (நம் அமைப்புக் கோப்புகள் தவிர). இயங்குதளமே இப்படிப்பட்ட பேக்கேஜ்களால் ஆனது என்பதால் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பழைய நிலையை அது தனியாக எடுத்து வைக்கிறது. புதிய நைட்லி தகராறு செய்தால் மறுபடி துவக்கும்போது ஷிஃப்ட் விசையை, யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் புதிய கணினி என்றால் ஸ்பேஸை, அழுத்தினால் பூட் மெனு வரும், அதில் தேதியும் நேரமும் போட்டு முந்தைய நிலைகள் வரிசையாக நிற்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி துவங்கிவிடும். பெரிய நிறுவனங்கள் செய்யும் இயங்குதளங்களில்கூட இவ்வளவு எளிமையாக நான் பார்த்ததில்லை.

அடுத்தது கோப்பு முறைமை. பிஓஎஸ் காலத்துச் சங்கதிதான், இன்றும் இதற்கு நிகர் அரிது. ஒவ்வொரு கோப்போடும் பண்புகள் என்று கூடுதல் தகவல்களை ஒட்டி வைக்கலாம், அவற்றின்மேல் தரவுத்தளம்போலத் தேடலாம். மின்னஞ்சல்கூட அப்படித்தான், ஒரு மடல் ஒரு கோப்பு, அனுப்பியவர் யார், பொருள் என்ன, படித்தாயிற்றா என்பதெல்லாம் பண்புகள். ஒருவருடைய படிக்காத மடல்களைத் தேடி அந்த முடிவுச் சாளரத்தைத் திறந்தபடியே விட்டுவைத்தால் புது மடல் வரும்போது தானாகவே அதில் வந்து விழும். இரண்டு விஷயம் மட்டும் கவனம்: ஒரு பண்புக்கு இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) போடுவதற்கு முன்பே இருந்த கோப்புகள் தேடலில் சிக்காது, அப்புறம் ஃபேட் பென்டிரைவில் நகலெடுத்தால் பண்புகள் எல்லாம் அம்போ. ஹைக்குவின் ஜிப்பில் போட்டு எடுத்துப்போனால் பிழைக்கும்.

உலாவிதான் நீண்டநாள் புண். கூடவே வரும் வெப்பாசிட்டிவ் என்ற உலாவி வெப்கிட் என்ற உலாவி எஞ்சின் மேல் ஓடுவது, படிக்கிற தளங்களுக்குப் போதும், கனமான தளங்களில் திணறும். ஃபயர்ஃபாக்ஸ் ஐஸ்வீசல் என்ற பெயரில் போர்ட் ஆகி (ஹைக்குவில் ஓடும்படி மாற்றப்பட்டு) வந்தது பெரிய ஆறுதல். கியூட்டி, ஜிடிகே என்ற பொதுவான நிரல் கருவித்தொகுப்புகளில் எழுதிய மென்பொருள்களும் இதேபோல் போர்ட் ஆகி வருவதால் லிப்ரே ஆஃபிஸ் போன்றவை ஹைக்குவின் மென்பொருள் கடையான டிப்போவிலேயே கிடைக்கின்றன. சொந்த மென்பொருள்களின் அழகு இவற்றில் இல்லை என்று பழைய பிஓஎஸ் ஆட்கள் முணுமுணுப்பது உண்டு. முணுமுணுக்கட்டும்.

இல்லாதவை என்று பார்த்தால் மடிக்கணினியை மூடித் தூங்கவைக்க முடியாது, முப்பரிமாண வரைகலைக்கு வன்பொருள் முடுக்கம் பீட்டாவில் கிடையாது, பயனர் ஒருவரே, அவருக்கே சகல அதிகாரமும். தமிழ்க்காரர்களுக்குத் தனி வருத்தம் ஒன்று உண்டு: சொந்த மென்பொருள்களில் எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தி வரைகிற வசதி இன்னும் வரவில்லை, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நிற்கும். கியூட்டி மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே கணினிதான் இருக்கிறது, அதில்தான் பிழைப்பு என்பவர்கள் வேண்டாம். ஓரமாகக் கிடக்கும் பழைய இயந்திரம் இருந்தால் தாராளமாகப் போடலாம், 2 ஜிபி நினைவகத்தில் சுகமாக ஓடும், பீட்டா 5-ஐ நிறுவிவிட்டு அப்புறம் நைட்லிக்கு மாறிக்கொள்ளலாம். பழைய பிஓஎஸ் மென்பொருள்களை ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் 32 பிட், மற்றபடி 64 பிட்டையே இறக்குங்கள்.