பிரேக் வேலைக்கு விட்டால் கழற்றின சாமானைக் கேட்டு வாங்குங்கள்

பழைய கார் வைத்துக்கொண்டு வாரநாளில் ஆபீஸுக்கும், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் 47,300 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் காரின் பழைய பிரேக் டிஸ்க்கிலேயே ஓட்டை போட்டு எனக்கே திருப்பி மாட்டிக் கொடுத்தார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். டிராக்கில் பிரேக் போன அன்று பக்கத்து சீட்டில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அதை என்னால் விட முடியவில்லை.

கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். அப்பா ஆசையாக வாங்கியது. 106 குதிரைத்திறன், எஞ்சின் இன்றைக்கும் சுறுசுறுப்பு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஊருக்குள் ஓட்ட அந்த பிரேக் தாராளமாகப் போதும். டிராக் வேறு. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்காகிறது. 140-ல் வந்து வளைவுக்காக 60-க்கு இறக்கினால், ஊருக்குள் 60-ல் போய் முழுசாக நிற்கும்போது வருவதைவிட நாலு மடங்குக்கும் மேல் சூடு. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 3.7 கிலோமீட்டர் சுற்று முழுக்க இதே கதைதான்.

அதனால் பிரேக்கை மட்டும் கொஞ்சம் பலப்படுத்தலாம் என்று நினைத்தேன். டிராக் வண்டிகளுக்கு வேலை செய்கிறோம் என்று பெரிய போர்டு வைத்த இடம். வாசலில் ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு வண்டிகள் நின்றன. உரிமையாளர் நன்றாகப் பேசினார். "நாலே ஐட்டம் சார். டிரில்டு டிஸ்க், ரேஸ் பேடு, ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ், டாட் 5.1 ஆயில். அப்புறம் பாருங்க" என்றார். (டிரில்டு டிஸ்க் என்றால் வீலோடு சுழலும் இரும்புத் தட்டில் ஓட்டை போட்டது. பேடு அதைக் கவ்விப் பிடிக்கும் கட்டை. பிரெய்டட் ஹோஸ் என்பது மேலே கம்பி வலை பின்னிய ஆயில் குழாய். டாட் எண் பிரேக் ஆயிலின் தரம்.) டிஸ்க் 18,000, பேடு 9,500, ஹோஸ் 12,000, ஆயில் இரண்டு பாட்டில் 2,800, கூலி 5,000. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் கூடுதலா ஆகும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் சரி என்றேன். அன்று செய்த முதல் தப்பு அது.

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். வீலுக்குள் எட்டிப் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக டிஸ்க் பளபளத்தது, ஹோஸ் வெள்ளிக் கம்பி வலையாக மின்னியது. பழைய டிஸ்க் எங்கே என்றேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு சார்." அதையும் நம்பினேன். புது பேடை டிஸ்க்கோடு தேய்த்துப் படியவைக்க வேண்டாமா என்று கேட்டேன். "நாங்களே ஓட்டிப் படியவெச்சுட்டோம்" என்றார்.

ஊருக்குள் மூன்று வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. இதைக் கவனியுங்கள், இந்த மோசடியின் பலமே இதுதான். அண்ணா சாலை சிக்னலில் எந்த பிரேக்கிலும் வண்டி நிற்கும்.

டிராக்கில் மூன்றாவது சுற்றில் ஒரு கருகல் வாடை வந்தது. நாலாவது சுற்றில் நேர்ப்பாதை முடிவில் காலை வைத்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. விட்டு விட்டு இரண்டு தடவை மிதித்து, கியரை இறக்கி, வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கித்தான் வண்டி நின்றது. தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமல் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அவன் கை டோர் பிடியை விடவே இல்லை.

பிரேக் சூட்டில் கைவிடுவதில் இரண்டு விதம் உண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு தாங்கவில்லை. பெடலே உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். எனக்கு நடந்தது இரண்டாவது. 260 டிகிரி வரை தாங்க வேண்டிய புது டாட் 5.1 ஏன் நாலே சுற்றில் கொதித்தது?

வண்டியை மெதுவாக ஊருக்குள் கொண்டுவந்து, அப்பா காலத்திலிருந்து இந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். அவர் முதலில் வீலைக் கழற்றி, டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவைப் பார்த்தார். அந்த ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகி உயிரை எடுக்கும். போன வருஷம் உளி வைத்துத் தட்டித்தான் அவர் அதைத் திருப்பியிருந்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சில்வர் பெயிண்டை விரலால் தேய்த்தார். ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு.

"தம்பி, இது நான் வெச்ச உளி அடி. இது உங்க பழைய டிஸ்க்குதான்."

லேத்தில் கொடுத்து முகத்தை வழித்து, டிரில்லிங் மெஷினில் ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெர்னியர் வைத்து அளந்தோம். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. அதாவது ஓட்டை போடாவிட்டாலும் அது தூக்கிப் போட வேண்டிய டிஸ்க். உள்ளே காற்றுப் போக இருக்கும் தடுப்புகளைக் கவனிக்காமல் துளைத்ததில் பல இடத்தில் தடுப்பே பாதி அறுந்திருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. இன்னும் நாலு சுற்று ஓட்டியிருந்தால் டிஸ்க் துண்டாகியிருக்கலாம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

அப்புறம் ஹோஸ். பாய் முனையில் இருந்த கிளாம்பைக் கட்டிங் பிளேயரால் அறுத்து வலையை இழுத்தார். பாம்புச் சட்டை மாதிரி உருவிக்கொண்டு வந்தது. உள்ளே என் பழைய ரப்பர் ஹோஸ், அடையாளத்துக்கு நான் வைத்த மஞ்சள் பெயிண்ட் புள்ளியோடு. வளைத்துப் பார்த்தால் மேல்தோல் முழுக்க வெடிப்பு. உண்மையான பிரெய்டட் ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய் இருக்கும். வலை இரண்டு முனையிலும் ஃபிட்டிங்கோடு சேர்த்து மெஷினில் அழுத்தியிருக்கும், நகத்தால் தள்ளினால் நகரவே கூடாது. வாங்கும்போது பத்து விநாடியில் பார்த்துவிடலாம்.

ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. மாற்றவே இல்லை, ரிசர்வாயரில் மேலாக மட்டும் புதுசு ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியாவது தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். என் ஆயில் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். (டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்று இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.)

பேடு புதுசுதான், ஆனால் ரேஸ் பேடு இல்லை. நல்ல பேடின் ஓரத்தில் கம்பெனிக் குறியீட்டோடு எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து சேர்ந்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது அதிகச் சூட்டிலும் உராய்வு எவ்வளவு என்று சொல்லும். இதில் ஓர் எழுத்தும் இல்லை. ஒரு பேடில் உராயும் பகுதி இரும்புத் தகட்டை விட்டுப் பெயரத் தொடங்கியிருந்தது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "டிராக்ல ஓட்டினா வாரண்டி கிடையாது சார்" என்றார். டிராக்குக்கென்று சொல்லி விற்றவர்தான் சொல்கிறார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும் 10,000 தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை.

துண்டுச் சீட்டுதான் இருக்கிறது என்றாலும் நல்லவேளையாக யுபிஐயில் பணம் அனுப்பியதும், "புது டிரில்டு டிஸ்க் வந்துடுச்சு சார்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன், நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கால தாமதம் செய்யாதீர்கள்.

வேலைக்கு விடும் முன்பு பழைய டிஸ்க்கிலும் ஹோஸிலும் ஓர் அடையாளம் வையுங்கள். கழற்றின சாமான் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முகம் மாறினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஆயில் பாட்டிலின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லி, நாலு வீலிலும் பழையது போய்ப் புது ஆயில் தெளிவாக வரும்வரை நின்று பாருங்கள்.

இப்போது காரில் ஓட்டை இல்லாத புது டிஸ்க், ஜி.பி. ரோட்டில் பில்லோடு வாங்கின நல்ல பேடு, புது ரப்பர் ஹோஸ், புது டாட் 4. எல்லாம் சேர்த்து 19,000-க்குள் முடிந்தது. முழு ரேஸ் பேடு வேண்டாம் என்று பாய் தடுத்துவிட்டார். அது சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் தெருமுனையில் ஸ்கூல் பிள்ளைகள் குறுக்கே வரும்போது பிடிக்காது. பேடைப் படியவைப்பதையும் நானே செய்தேன். காலி ரோட்டில் 70-லிருந்து 10 வரை, முழுசாக நிறுத்தாமல் பத்து தடவை, அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டேன்.

பழைய டிஸ்க் இரண்டும், உருவின வலையும், பேடுகளும் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஆணையத்தில் கூப்பிட்டால் வந்து அந்த உளி அடியைக் காட்டுவதாக பாய் சொல்லியிருக்கிறார்.