44 வயதில் முதல் காட்டுநடை: கோத்தகிரி லாங்வுட் சோலைப் பாதை

பள்ளி விளையாட்டு மைதானத்தை விட்ட பிறகு 25 ஆண்டுகளுக்கு மேல் உடலை வருத்தி எதையும் செய்யாத ஒருவர், நடுத்தர வயதில் மலையேற விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது? கடந்த ஓராண்டாக நான் தேடிய விடை இது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இணைந்து நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ், நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் உள்ள லாங்வுட் சோலைப் பாதையில் சென்ற ஜனவரியில் நடந்து வந்தேன். என்னைப் போன்ற புதியவர்களுக்கு முதல் நடையாக இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு தனியார் குழுவுடன் வேறொரு மலைக்குப் போயிருந்தேன். ஏறத்தாழ 30 பேர் வந்திருந்தார்கள், வழிநடத்தியவர்கள் இருவர். இருவருமே வேகமாக நடக்கும் இளைஞர்களோடு முன்னால் போய்விட, மூச்சு வாங்கிய நாங்கள் நான்கைந்து பேர் கடைசியில் தனித்து நடந்தோம். எப்படியோ அவர்களை எட்டிப் பிடிக்கும் நேரத்தில், ஓய்வெடுத்து முடித்த முன்வரிசை மீண்டும் கிளம்பிவிடும். அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கே மிகக் குறைந்த ஓய்வு கிடைக்கும் அந்த ஏற்பாட்டில் என் உடல் தளர்ந்ததைவிட மனம் தளர்ந்ததே அதிகம். மலை நமக்கானது இல்லை என்று முடிவு செய்துகொண்டு வீடு திரும்பினேன்.

லாங்வுட்டில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த இளைஞர். கிளம்பும் முன்பு ஒவ்வொருவரிடமும் மூட்டு வலி, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உண்டா என்று பொறுமையாகக் கேட்டார். நான் மெதுவாகத்தான் நடப்பேன் என்று தயங்கியபடி சொன்னதும், "அப்படின்னா நீங்க எனக்கு அடுத்து வாங்க அக்கா, உங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம்" என்றார். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் நிறுத்துவது மலைநடையில் அனுபவம் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதை, வரிசையின் கடைசியில் நடந்து பழகியவர்களே உணர முடியும்.

இனி பாதையைப் பற்றி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் கோத்தகிரி வந்துவிடும். சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. 116 ஹெக்டேர் பரப்பு என்பது காடு என்ற அளவில் சிறியதுதான். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும் நெருக்கி நிற்க, நடுவில் இந்தப் பழைய காடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2024 ஜனவரியில் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரியும் சதுப்பு நிலமும் இடம்பெறும் பட்டியலில் ஒரு மலைக்காடு எப்படி வந்தது என்று எனக்கு வியப்பாக இருந்தது; உள்ளே நடந்தபோதுதான் காரணம் புலப்பட்டது. காலடியில் மட்கிய இலைகள் மெத்தை போல் அமுங்குகின்றன. மரத்தண்டுகளைப் பாசி போர்த்தியிருக்கிறது. நெருங்கிய கிளைகள் வெயிலை மறைப்பதால் நண்பகலிலும் மண் ஈரமாகவே இருக்கிறது. மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கீழே அனுப்பும் இந்தக் காட்டைத்தான் அடிவாரத்து ஊர்கள் தண்ணீருக்கு நம்பியிருக்கின்றன.

பாதை பெரும்பாலும் மென்மையான ஏற்ற இறக்கம் கொண்டது. ஒரு முற்பகலில் நிதானமாக நடந்து முடித்துவிடலாம். சிகரம் இல்லை, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாறையும் இல்லை. இதைக் குறையாகக் கருதுவோர் இருப்பார்கள். புதியவருக்கு இதுவே நன்மை என்பது என் கருத்து. எட்ட வேண்டிய உச்சி என்று ஒன்று இருந்தால் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, கால்கள் பின்னால் இழுபடுகின்றன. இங்கே நிற்பதற்குத்தான் காரணங்கள் அதிகம். யாரோ சிறுவன் சீட்டியடிப்பதாக நினைத்துத் திரும்பினேன். அது சீகாரப் பூங்குருவியின் குரல் என்றார் வழிகாட்டி. ஓரிடத்தில் காட்டுமாட்டின் புதுச் சாணத்தைக் கண்டதும் எங்களை நிறுத்தி, காற்றடிக்கும் திசையைப் பார்த்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகே அழைத்துச் சென்றார். மற்றோரிடத்தில் ஒரு மரத்தின் இளந்தளிர்கள் செந்நிறத்தில் இருப்பதைக் காட்டினார். பூ என்றே நினைத்திருந்தேன். இப்படி நின்று நின்று நடந்ததால் இரண்டு மணி நேரம் கடந்ததும் மூச்சு வாங்கவில்லை என்பதே பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

இந்தத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என்று மூன்றாகப் பிரித்து, இணையத்தளத்தில் முன்பதிவு செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டி, தீப்பிடிக்கும் பருவத்தில் பாதையை மூடுதல் ஆகிய கட்டுப்பாடுகளை அந்த நினைவோடுதான் பார்க்க வேண்டும். விரும்பிய நாளில் விரும்பிய மலைக்குப் போக முடியவில்லையே என்று சலித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டணம் பாதைக்கேற்ப மாறும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, போக்குவரத்துச் செலவையும் சேர்த்தால் யோசித்துச் செய்ய வேண்டிய செலவுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு காட்டோரத்து இளைஞர்களின் உழைப்புக்குப் போகிறது என்பதாலும், அவர்கள் இல்லாமல் நடந்திருந்தால் இந்தக் காட்டில் பச்சை நிறத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்திருக்க மாட்டேன் என்பதாலும், எனக்கு அது கூடுதலாகத் தோன்றவில்லை. ஒரு விருப்பம் மட்டும் உண்டு. எளிது, மிதமானது என்ற சொற்களை மட்டும் வைத்துப் புதியவரால் முடிவெடுக்க இயலாது. பதிவு செய்யும் முன்பு மொத்தத் தூரம் எவ்வளவு, எத்தனை மீட்டர் ஏற வேண்டும், சாதாரண நடையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மூன்றையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். கோவையைச் சேர்ந்த பலர் முதல் மலையாகவே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்தி அவர்களை ஏற்றிவிடுகிறது, உண்மை. ஆனால் இத்திட்டத்தில் அது கடினமான பாதைகளில் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது காரணமில்லாமல் அல்ல.

காலணியைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனெனில் என் பணம் வீணானது அங்கேதான். கடை ஒன்றில் விற்பனையாளரின் பேச்சை நம்பி, கணுக்காலை மூடும் கனமான ஷூ ஒன்றை வாங்கினேன். பனிமலைக்கு ஏற்ற அந்த ஷூவில் நம் ஊர் வெப்பத்துக்குக் கால் வெந்துபோனது. அளவும் சிக்கென்று இருந்ததால், முதல் மலையின் இறக்கத்தில் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன. லாங்வுட்டுக்கு எடை குறைந்த, அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள சாதாரண மலைநடை ஷூவே போதுமாக இருந்தது. நடந்து நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்கு அணியப்போகும் அதே சாக்ஸோடு கடைக்குச் செல்லுங்கள். விரல்களுக்கு முன்னால் சிறிது இடைவெளி இருக்க வேண்டும்; இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சரியும் என்பதால் அந்த இடைவெளிதான் நகத்தைக் காப்பாற்றும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து தோலை உரசிக் கொப்புளம் உண்டாக்கும். விரைவில் காயும் வகையே நல்லது. புது ஷூவைக் குறைந்தது இரண்டு வாரம் தெருவில் போட்டு நடந்து பழக்கிய பிறகே காட்டுக்குக் கொண்டு போங்கள்.

உடலுக்கான ஆயத்தமாக நான் செய்தது மாடிப்படி ஏறி இறங்கியது ஒன்றுதான், ஆறு வாரங்கள். ஏறுவதற்கு மட்டும் பயிற்சி செய்பவர்கள் இறங்கும்போதுதான் திணறுகிறார்கள். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலி அதனால் வருவதே. ஆகவே படிகளில் மெதுவாக இறங்கிப் பழகுவது அவசியம். ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே நம் வேகம்.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்யும் என்பதால் அக்டோபர், நவம்பரில் பாதை வழுக்கும், அட்டைகளும் இருக்கும். மழை ஓய்ந்த பின்பான ஜனவரியில் எங்களுக்கு அட்டைத் தொல்லை இல்லை. காலைக் குளிருக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்பட்டது. தண்ணீரை நெகிழிப் புட்டியில் எடுத்துச் செல்லாமல் எவர்சில்வர் புட்டியில் கொண்டு போங்கள்.

என்னோடு வந்த என் கணவர், முழங்கால் வலியைக் காரணம் காட்டி முதலில் வர மறுத்தவர், திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் வருவதற்குள் அடுத்து ஊட்டி கெய்ர்ன் ஹில் பாதைக்கு இடம் இருக்கிறதா என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எளிய பாதைதான். மிதமான நிலைக்கு மாறுவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.