கிராம சபையை எங்கே கூட்டுவது: பள்ளிக்கூடமா, பந்தலா, புயல் மையமா, போனா?

2020 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கொரோனாவால் ரத்தானது. மறுபடி நேரில் கூடத் தொடங்கியபோது 'இனி பழையபடி' என்றார்கள். பழையபடி என்றால், படியேற முடிந்தவர்களுக்கு, கூட்டத்தில் பேசுவது காதில் விழுபவர்களுக்கு என்றுதான் பல ஊர்களில் பொருள். கடலூர் கடற்கரையோர ஊராட்சிகளை மனதில் வைத்து, கூட்டம் போடக்கூடிய இடங்களை மாற்றுத்திறனாளிகள் பக்கமிருந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஊராட்சி அலுவலகத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் கோரத்துக்கு (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை) 200 பேர் வேண்டும். அத்தனை பேருக்கு அங்கே இடம் இருக்காது. ஆனால் அந்தக் கட்டடத்தின் படிகளை அப்படியே விட்டுவிட முடியாது. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அப்படி வரும் உறுப்பினர் ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் அந்தப் படிகளைத்தான் ஏறியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நிழல், மின்விசிறி, கழிப்பறை மூன்றும் உண்டு. சிக்கல் சாய்தளத்தில். மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் உயரம் 45 செ.மீ. ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம் என்ற சரிவு வேண்டுமானால் நீளம் 540 செ.மீ., கிட்டத்தட்ட 18 அடி. இடமில்லை என்று 6 அடியில் முடித்தால் அது ஒன்றுக்கு நான்கு. ஏறும்போது சக்கர நாற்காலி பின்னால் சாயும், இறங்கும்போது தள்ளுபவரால் பிடித்து நிறுத்த முடியாது. அந்தச் சாய்தளத்தைவிட, "இங்கே இல்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது மேல், ஆபத்தாவது இல்லை. நேராக இடம் இல்லாவிட்டால் சுவரை ஒட்டி 9 அடி ஏற்றி, 150 செ.மீ. சமதளம் விட்டு, திருப்பி இன்னொரு 9 அடி ஏற்றலாம். அகலம் 120 செ.மீ., இரு பக்கமும் கைப்பிடி, மேலே கதவுக்கு முன்னால் மறுபடி 150 செ.மீ. சமதளம். இந்த மேல்தளத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் சரிவிலேயே நின்றுகொண்டு வெளிப்பக்கம் திறக்கும் கதவை இழுக்க யாராலும் முடியாது. வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். துடைப்பம் இழுத்த சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு போதும்.

ஒரே படி, 15 செ.மீ. என்றால் கட்டவே வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட்டை 6 அடி நீளத்துக்கு வெட்டி, அடியில் குறுக்குச் சட்டம் அடித்து வைத்தால் சரிவு சரியாக வரும்.

அடுத்தது சாவி. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டிலும் கொடியேற்றத்துக்காகப் பள்ளி திறந்திருக்கும். மே 1, அக்டோபர் 2 விடுமுறை. வளாகம் திறந்தாலும் கழிப்பறைப் பூட்டு திறக்காது. மார்ச் 22, நவம்பர் 1 வேலை நாளில் வந்தால் வகுப்பு நடக்கும், இடமே கிடைக்காது. ஆறு கூட்டத்துக்கும் பள்ளி ஒன்றையே நம்ப முடியாது என்பதற்கு இந்த நாட்களே சாட்சி.

பந்தல் போட்டால் படி இல்லை, இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவர் கூட்டத்தின் ஓரம் வரை வரலாம். எதிரி மணல். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, உடனே புதையும். தென்னைநார்ப் பாய் சுருண்டு சக்கரத்தில் சிக்கும். 8க்கு 4 அடி பிளைவுட் ஐந்தை நீளவாக்கில் இடைவெளி இல்லாமல் போட்டால் 40 அடிக்குப் பாதை கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போடாதீர்கள், அந்த விளிம்பில் சக்கரம் முட்டும். பந்தல் கயிறு பார்வையற்றவருக்கு ஆபத்து: சாய்வாகக் கட்டிய கயிற்றின் அடியில் கைத்தடி போய்விடும், முகம் கயிற்றில் மோதும். நுழையும் பக்கத்தில் கயிறே வராமல் கட்டச் சொல்லுங்கள். மே மாத வெயில், அக்டோபருக்குப் பிந்தைய மழை இரண்டுக்கும் பந்தல் தாங்காது.

தூண்கள் மேல் எழுப்பிய புயல் பாதுகாப்பு மையம் உள்ள ஊர்களில், மாடிக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு போவதைவிட அடியில் உள்ள தூண்வெளியிலேயே கூட்டத்தை நடத்தலாம். மழை விழாது, வெயில் படாது, படி இருக்காது. எங்கள் தேர்வு இதுதான். குறை எதிரொலி. குழாய் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால், காதுகேள் கருவி போட்டிருப்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். சத்தம் குறைத்த இரண்டு சின்னப் பெட்டி ஸ்பீக்கர்களை ஆட்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். கேள்வி கேட்பவர் கைக்கும் மைக் போகட்டும். மைக் இல்லாமல் கேட்ட கேள்வியைத் தலைவர் திரும்பச் சொல்லட்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வெளிச்சத்துக்கு எதிராக, முதுகுப் பக்கம் கடலும் வானமும் தெரியும்படி நின்றால் அவர் கையும் முகமும் கறுப்பு நிழலாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் எழுதிக் காட்டும். அந்த போன் ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், பேசுபவர் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும்.

எந்த இடமானாலும் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே 90 செ.மீ. வழியும், சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வெளியும் விடுங்கள். அதற்கான இடம் கூட்டத்தின் நடுவில் இருக்கட்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்கினால் வந்தும் வராத மாதிரிதான்.

போன், படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு ஒரே வழி. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவரால் ஆகாது. அதனால் போனை நேரடிக் கூட்டத்துக்கு மாற்றாக வைக்காமல் துணையாக வைக்க வேண்டும். வீடியோவை விடச் சாதாரண அழைப்பே நம்பகமானது. போனை மைக் முன்னால் நீட்டினால் 'கீ' என்று கத்தும்; 3.5 மி.மீ. வயரில் ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளைக்குக் கொடுங்கள். வயர் முனையில் உலோகப் பகுதி மூன்றா, நான்கா (அவற்றைப் பிரிக்கும் வளையம் இரண்டா, மூன்றா) என்று பாருங்கள்: நான்கு பகுதி உள்ள முனையைச் செருகினால் போனின் மைக் அணைந்து, கூட்டத்தின் குரல் அந்தப் பக்கம் கேட்காமல் போகலாம். போனை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைப்பது நல்லது. தீர்மானம் ஒவ்வொன்றையும் வாசித்த பிறகு, கை தூக்கச் சொல்லுமுன், போனில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஏழு நாள் முன்னதாக ஒட்டும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அதே வரிகளை எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். சாய்தளம் எந்தப் பக்கம், கழிப்பறைச் சாவி யாரிடம், எந்த எண்ணுக்கு அழைத்தால் கூட்டத்தில் சேரலாம் என்ற மூன்றையும் அந்தச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.