வாக்குரிமைக் கூட்டணியா, அமைதிக் கழகமா?

தேக்காவில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவின் அடுத்த அமர்வுக்கு இரண்டு பெண்கள் அமைப்புகளின் வரலாறு முன்வைக்கப்பட்டுள்ளது; எதை முதலில் எடுத்துக்கொள்வது என்பதே கேள்வி.

1904இல் பெர்லினில் தொடங்கிய பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமைக் கூட்டணியின் முதன்மை நோக்கம், பெயரே சொல்வதுபோல, வாக்குரிமை. 1920இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் சரோஜினி நாயுடு பேசினார். சட்டத்தின் வழியே உரிமை பெறும் அதன் பாதை, பெண்களின் திருமண, குடும்ப உரிமைகளைக் காக்கும் 1961இன் மாதர் சாசனச் சட்டத்தைக் கண்ட சிங்கப்பூரர்களுக்கு எளிதில் விளங்கும்.

அமைதிக்கும் விடுதலைக்குமான பன்னாட்டுப் பெண்கள் கழகத்தின் தொடக்கமோ என்னை உலுக்குகிறது. முதல் உலகப் போர் மூண்டிருந்த 1915இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமெரிக்கச் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் தலைமையில் கூடினார்கள். வட கடலில் கப்பல் போக்குவரத்து அடைக்கப்பட்டதால் பிரிட்டனில் பலர் கரையிலேயே நிற்க நேர்ந்தது. மூன்று பிரிட்டிஷ் பெண்கள் மட்டுமே, பகை நாடான ஜெர்மனியின் பெண்களோடு அதே அவையில் அமர்ந்தார்கள். பின்னர் அந்த மாநாட்டின் தூதுக் குழுக்கள் தலைநகர்தோறும் சென்று, நடுநிலை நாடுகள் சமரசம் பேச வேண்டுமென்று ஆட்சியாளர்களிடம் நேரில் வலியுறுத்தின. போர் நிற்கவில்லை. ஆயினும் 1931இல் ஆடம்ஸுக்கும், 1946இல் கழகத்தின் முதல் செயலாளர் எமிலி கிரீன் பால்ச்சுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

என் தேர்வு ஹேக். கூட்டணியின் வரலாற்றை அதற்கடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.