இன்டிசைன், அஃபினிட்டி, ஸ்க்ரைபஸ்: இங்க கேக்குறது அங்க கெடக்கு

புக்கு, பத்திரிகைனு அச்சுக்கு பக்கம் அடுக்குற, அதாவது பேஜ் லேஅவுட் பண்றவங்ககிட்ட போய் உங்களுக்கு என்ன ஃபீச்சர் வேணும்னு கேட்டுப் பாருங்க, ஆளாளுக்கு ஒரு முழ நீளத்துக்கு லிஸ்ட் வெச்சிருப்பாங்க. நானும் வெச்சிருந்தேன். ஆனா ஒரே சாஃப்ட்வேர்ல இருந்த வரைக்கும் தெரியல, இன்டிசைன், அஃபினிட்டி, ஸ்க்ரைபஸ்னு மூணு லேஅவுட் சாஃப்ட்வேரையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் உறைச்சது. நான் இங்க இல்லையேனு புலம்பிட்டு இருந்தது பக்கத்து வீட்ல பல வருஷமா சும்மா கெடக்கு, அந்த வீட்டுக்காரர் ஏங்கிட்டு இருக்குறது என்கிட்ட முதல் நாள்லேருந்தே இருக்கு. அதனால எது பெஸ்ட்னு மார்க் போடாம, ஆசைய ஒண்ணொண்ணா எடுத்து அது யார்கிட்ட இருக்கு யார்கிட்ட இல்லனு பாத்துருவோம்.

ஆளுங்க யாருனு மட்டும் சுருக்கமா. அடோபியோட இன்டிசைன் 1999ல வந்தது, அப்ப லேஅவுட்ல ராஜாவா இருந்த குவார்க் எக்ஸ்பிரஸ்ங்குற சாஃப்ட்வேர காலி பண்ணவே வந்த மாதிரி வந்து நெஜமாவே காலி பண்ணுச்சு. 2013லேருந்து அடோபி புது பதிப்புகள சந்தாவுல மட்டும்தான் குடுக்குது. ஸ்க்ரைபஸ் 1.0 வந்தது 2003, திறந்த மூல சாஃப்ட்வேர், காசு கெடையாது. அஃபினிட்டி பப்ளிஷர் 2019 ஜூன்ல வந்துச்சு, ஒரு தடவ வாங்கினா போதும்னு சொல்லித்தான் கூட்டத்த சேத்தாங்க. 2024ல அந்த கம்பெனிய கேன்வா வாங்குச்சு, 2025 அக்டோபர்ல அஃபினிட்டியோட டிசைனர், ஃபோட்டோ, பப்ளிஷர் மூணு ஆப்பையும் ஒரே ஆப்பா சேத்து இலவசமா விட்டுட்டாங்க. நான் அதிகமா வேலை பண்ணது பப்ளிஷரோட 2வது பதிப்புல, அதனால கீழ அஃபினிட்டினு சொல்றதெல்லாம் அதை வெச்சுதான்.

முதல்ல பத்திய அடுக்குறது. பாக்குறவங்க யாரும் இத ஒரு ஃபீச்சரா நெனைக்க மாட்டாங்க, ஆனா பக்கம் அழகா இருக்கா இல்லையானு பாதி முடிவாகுறது இங்கதான். ரெண்டு பக்கமும் ஓரம் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை பண்றப்ப, எந்த வார்த்தையில வரிய ஒடிக்கணும்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணணும். ஸ்க்ரைபஸும் அஃபினிட்டியும் வரி வரியா பாக்கும், இந்த வரி ரொம்பிடுச்சா, சரி அடுத்த வரினு போய்கிட்டே இருக்கும், திரும்பிப் பாக்காது. இன்டிசைன்ல இருக்குற பாராகிராஃப் கம்போசர் மொத்த பத்தியையும் ஒரே மூச்சுல பாத்து, மூணாவது வரிய கொஞ்சம் தளர விட்டா ஆறாவது வரி ஓட்டையில்லாம வரும்னு கணக்குப் போட்டு ஒடிக்கும். இந்த யோசனை டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981ல எழுதின கட்டுரைல விளக்கமா இருக்கு, நூத் எழுதின டெக்ங்குற (TeX) அச்சுக்கோர்ப்பு சாஃப்ட்வேர் அப்பவே இத செஞ்சுட்டு இருந்துச்சு, அதுக்கு காசும் கெடையாது. நாலு தசாப்தம் ஆகியும் மத்த லேஅவுட் சாஃப்ட்வேர்க்காரங்க இத எடுத்துக்காததுதான் எனக்கு புரியாத விஷயம்.

தமிழ்ல வேலை பண்றவங்களுக்கு இதோட வலி இன்னும் ஜாஸ்தி. நம்ம வார்த்தைகள் நீளம், 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக'னு ஒரே வார்த்தை பாதி வரிய சாப்பிட்டுடும். பத்திரிகை மாதிரி குறுகலான காலம்ல (column) அது அடுத்த வரிக்கு குதிச்சா மேல மிச்சம் இருக்குற ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அளவுக்கு இடைவெளி விழும், நாலஞ்சு வரிக்கு இப்படி விழுந்தா பத்தி நடுவுல வெள்ளையா ஒரு ஆறு ஓடுற மாதிரி தெரியும். நம்ம புத்தகங்கள்ல வார்த்தைய ஒடிச்சாலும் ஹைஃபன் குறி போடாம விடுற வழக்கம் இருக்கு, அதையும் சாஃப்ட்வேர் புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை தீரும். அஃபினிட்டில இத கையாலதான் சரி பண்ணணும், எழுத்துகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளிய, அதாவது டிராக்கிங்க இங்க ரெண்டு புள்ளி அங்க மூணு புள்ளினு தட்டி தட்டி, முடிச்சு நிமிந்து பாக்குறப்ப எடிட்டர் ஒரு வார்த்தைய மாத்தச் சொல்லுவார். இன்டிசைனுக்கும் ஒரு குறை உண்டு, அஞ்சாவது வரில ஒரு எழுத்த அழிச்சா ரெண்டாவது வரி நகரும், பழக்கமில்லாதவங்களுக்கு பேய் புடிச்ச மாதிரி இருக்கும். புடிக்கலைனா சிங்கிள் லைன் கம்போசருக்கு மாத்திக்கலாம். சாய்ஸ் இருக்குறதுதான் முக்கியம், மத்த ரெண்டுலயும் அந்த சாய்ஸே இல்ல.

அடுத்தது எழுத்து ஒழுங்கா வர்றது. தமிழ், இந்தி, அரபி, கெமர்னு எழுத்துகள் இடம் மாறி ஒட்டி உக்கார்ற எல்லா மொழிக்கும் இது பொது. 'கொ'ல கொம்பு முன்னாடி வரணும் கால் பின்னாடி வரணும், நாம டைப் பண்ற வரிசை வேற கண்ணுக்கு தெரிய வேண்டிய வரிசை வேற. இங்க இலவச ஸ்க்ரைபஸ் காசு வாங்குன அஃபினிட்டிய நேரா அடிச்சு கீழ தள்ளுது. ஸ்க்ரைபஸ்ல 1.5.3லேருந்து ஹார்ஃப்பஸ் உள்ள வந்துச்சு, ஃபயர்ஃபாக்ஸும் ஆண்ட்ராய்டும் எழுத்த அடுக்க யூஸ் பண்றதும் அதேதான், அதனால தமிழ் தமிழா வருது. அஃபினிட்டில யூனிகோட் தமிழ ஒட்டுனா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு செதறிக் கெடக்கும், பல வருஷமா பல மொழிக்காரங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 2வது பதிப்பு வரைக்கும் கெடைக்கல. இன்டிசைன்ல வசதி இருக்கு, ஆனா ஒளிச்சு வெச்சிருக்காங்க. சாதாரண கம்போசர்ல இருந்து வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசருக்கு மாத்தணும், மாத்தலைனா அங்கயும் அதே செதறல்தான். எந்த டாக்குமெண்ட்டும் திறக்காம வெறும் இன்டிசைன மட்டும் திறந்து வெச்சு பேசிக் பாராகிராஃப் ஸ்டைல்ல இத மாத்தி விட்டுட்டா, அப்புறம் தொடங்குற ஒவ்வொரு புது ஃபைல்லயும் அது தானா வந்துரும். இத தெரியாம பழைய யூனிகோட் இல்லாத ஃபாண்ட்டுகளையே கட்டிட்டு அழுறவங்க இன்னும் எத்தனையோ பேர், அதுல அடிச்ச டெக்ஸ்ட்ட தேடவும் முடியாது, அப்படியே வெப்ல போடவும் முடியாது.

டேபிள். இன்டிசைன்ல ஒரு பெரிய டேபிள் பக்கத்துக்கு பக்கம் தானா ஓடும், தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்துலயும் திரும்ப வரும். அஃபினிட்டில டேபிள் ஒரு பக்கத்துக்குள்ளதான், நீளமா இருந்தா நீங்களே வெட்டி ரெண்டாக்கணும், நடுவுல ஒரு வரிசைய சேத்தீங்கன்னா கீழ இருக்குற அத்தனையையும் மறுபடி வெட்டணும். ஸ்க்ரைபஸ்ல 1.5ல டேபிள புதுசா எழுதுனாங்க, ஆனாலும் அதுல ஒரு விலைப்பட்டியல் பண்றதுக்கு பதிலா டேப் வெச்சு பண்ணிட்டு போயிடலாம். இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

ஃபுட்நோட்டும் அப்படித்தான், இன்டிசைன்ல 2005லயே வந்துச்சு, எண்ட்நோட்டுக்கு மட்டும் 2017 வரைக்கும் காக்க வெச்சாங்க. அஃபினிட்டி 2022ல 2வது பதிப்புல ஃபுட்நோட், எண்ட்நோட், சைடுநோட் மூணையும் ஒண்ணா குடுத்துட்டாங்க, பக்கவாட்டு ஓரத்துல குறிப்பு போடுற அந்த சைடுநோட்ட இன்டிசைன்ல நாம ஃப்ரேம் போட்டு ஆங்கர் பண்ணி ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம். லேட்டா வந்தாலும் மொத்தமா வந்தாங்க.

படத்த அங்கயே திருத்துறதுல அஃபினிட்டிய அடிச்சுக்க ஆளில்ல. லேஅவுட்ல இருக்குறப்பவே ஒரு பட்டன தட்டுனா ஃபோட்டோ ஆப்போட டூல்ஸ் எல்லாம் வந்துரும், படத்துல ஒரு தூசிய அழிச்சுட்டு திரும்ப லேஅவுட்டுக்கு வந்துரலாம். இன்டிசைன்ல ஃபோட்டோஷாப்புக்கு போகணும், சேவ் பண்ணணும், லிங்க் அப்டேட் பண்ணணும். கேட்டா இது சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கும், 80 படம் இருக்குற கேட்டலாக் பண்றப்ப தெரியும். இன்னொண்ணு ஹிஸ்டரி. அஃபினிட்டில அண்டூ வரலாற ஃபைலுக்குள்ளயே சேத்து சேவ் பண்ணலாம், நாளைக்கு திறந்து இன்னைக்கு பண்ண தப்ப அண்டூ பண்ணலாம். இன்டிசைன்ல ஃபைல மூடினா முடிஞ்சுது. ஸ்க்ரைபஸ்லயும் அப்படியே, இப்பவாவது பரவால்ல, அதோட 1.4 காலத்துல டைப் பண்ணதுக்கு அண்டூவே ஒழுங்கா கெடையாது. அந்த 1.4 வந்தது 2012ல, அடுத்த நிலையான 1.6 வந்தது 2024 ஜனவரில. ஆசைப்பட்டது கெடைக்க 12 வருஷம்னா சிலர் தொழிலையே மாத்திட்டு போயிருப்பாங்க, ஆனா எழுதுறவங்க சொந்த நேரத்துல எழுதுறாங்க, அவங்கள கொறை சொல்லவும் மனசு வரல.

பிரிண்டுக்கு போற கலர் விஷயத்துல ஸ்க்ரைபஸ் ஆரம்பத்துலேருந்தே கெட்டி. அச்சுக்கான நாலு மை கலரான சிஎம்ஒய்கே, தனியா கலந்து போடுற ஸ்பாட் கலர், கலர் மாறாம பாத்துக்குற ஐசிசி ப்ரொஃபைல், அச்சுக்குனே இருக்குற பிடிஎஃப் எக்ஸ்-3 எல்லாம் பல வருஷமா அதுல இருக்கு. பிடிஎஃப் எடுக்குறதுக்கு முன்னாடி அதுவே ஒரு சோதனை போட்டு, இந்த படத்துல ரெசல்யூஷன் கம்மி, இந்த ஃப்ரேம்ல டெக்ஸ்ட் வழிஞ்சு வெளிய போயிடுச்சுனு ஆசிரியர் மாதிரி சிவப்பு மையில சொல்லும். இதோட ஒப்பிட்டா, படம் வரையுற இலவச சாஃப்ட்வேரான இன்க்ஸ்கேப்ல அழகா போஸ்டர் வரைஞ்சு 1.2 பதிப்புலேருந்து பல பக்கமும் போடலாம், ஆனா அது குடுக்குற பிடிஎஃப் ஆர்ஜிபிதான், அதாவது திரைக்கான கலர். கறுப்பு எழுத்து அச்சுக்கு மாறுறப்ப நாலு மைலயும் பிரிஞ்சு போய், பிளேட் ஒரு இம்மி நகந்தாலும் சின்ன எழுத்தச் சுத்தி கலர் நிழல் தட்டும். கறுப்புனா கறுப்பு மை மட்டும்னு ஒரே ஒரு டிக் பாக்ஸ், இன்க்ஸ்கேப் ஆளுங்க ரொம்ப நாளா கேக்குறது கிட்டத்தட்ட இதத்தான். அதுவரைக்கும் இன்க்ஸ்கேப்ல வரைஞ்சத ஸ்க்ரைபஸ்ல கொண்டு வந்து கலர மாத்தி பிடிஎஃப் எடுக்குறதுதான் வழி.

ஒரு வேலைய சின்ன ப்ரோகிராம் எழுதி தானா செய்ய வைக்குற ஸ்க்ரிப்டிங்க சொல்லாம விட்டா சண்டைக்கு வருவாங்க. இன்டிசைன்ல ஜாவாஸ்கிரிப்ட், ஸ்க்ரைபஸ்ல பைத்தான், அஃபினிட்டி 2ல ஒண்ணும் இல்ல. ஒரே வேலைய 300 தடவ பண்றவங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். ஏஐ வெச்சு படம் வரையுற பட்டன் எல்லா இடத்துலயும் வந்துருச்சு, எனக்கு தெரிஞ்ச லேஅவுட் ஆளுங்க லிஸ்ட்ல அது இருந்ததா ஞாபகம் இல்ல.

இப்ப என்னோட லிஸ்ட்ல முதல் எடத்துல இருக்குறதுக்கு வர்றேன், அது ஃபைல். சில வருஷம் முன்னாடி பண்ண ஒரு புக்க மறுபதிப்புக்காக திறந்தேன், எந்த சாஃப்ட்வேர்னு சொல்லல, இந்த பதிப்புல திறக்காதுனு ஒரு வரி காமிச்சுட்டு போயிடுச்சு. பிடிஎஃப்லேருந்து டெக்ஸ்ட்ட பிச்சு எடுத்து மறுபடி அடுக்குனேன், ஒரு வாரம் போச்சு. இதுல மூணு பேரும் குத்தவாளிங்கதான். புது இன்டிசைன் ஃபைல் பழைய இன்டிசைன்ல திறக்காது, அஃபினிட்டி 2 ஃபைல் 1ல திறக்காது, ஸ்க்ரைபஸ் 1.5ல சேவ் பண்ணது 1.4க்கு புரியாது. ஆனா தப்பிக்கிற வழில வித்தியாசம் இருக்கு. இன்டிசைன்ல ஐடிஎம்எல்னு ஒரு வடிவம், உள்ள பாத்தா எக்ஸ்எம்எல் ஃபைலுகள ஜிப் பண்ணி வெச்சதுதான், அதுல எக்ஸ்போர்ட் பண்ணா 2008ல வந்த சிஎஸ்4 பதிப்பு வரைக்கும் பின்னாடி போகலாம். ஸ்க்ரைபஸோட எஸ்எல்ஏ ஃபைலும் எக்ஸ்எம்எல்தான், எதுவுமே ஓடலைனாலும் நோட்பேட்ல திறந்து டெக்ஸ்ட்ட காப்பாத்தலாம், நான் ஒரு தடவ ஃபாண்ட் பேரு 40 எடத்துல தப்பா இருந்தத நோட்பேட்லயே ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு முடிச்சேன். அஃபினிட்டி ஃபைல் மூடுன பெட்டி, அந்த ஆப் இருந்தாத்தான் உண்டு.

இதுல கூத்து என்னன்னா ஐடிஎம்எல்ல எல்லாரும் படிக்கிறாங்க, அஃபினிட்டி 2020ல 1.8 பதிப்புலேருந்து படிக்குது, ஸ்க்ரைபஸும் தட்டுத்தடுமாறி படிக்குது, எழுதுறதுக்கு மட்டும் இவங்க ரெண்டு பேருமே தயாரா இல்ல. கஸ்டமர் நம்மள விட்டுட்டு எங்கயாவது போயிடுவாரோங்குற பயம் இன்டிசைனுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன், அத எதுத்து வந்தவங்களும் வாசல ஒரு பக்கம்தான் திறந்து வெச்சிருக்காங்க. குவார்க் 2016 பதிப்புல ஒரு நல்ல வேலை பண்ணாங்க, பிடிஎஃப உள்ள இழுத்து எழுத்தாவும் கோடாவும் திருத்துற மாதிரி மாத்திக்கலாம். அஃபினிட்டியும் பிடிஎஃப திறக்கும், பத்தி துண்டு துண்டா வந்தாலும் ஒண்ணுமில்லாததுக்கு பரவால்ல.

எதுல வேலை பண்ணலாம்னு கேட்டா, தமிழ்ல 100 பக்கத்துக்கு மேல போற புக்குனா இன்டிசைன், காசு இல்லைனா ஸ்க்ரைபஸ் 1.6, டேபிள் இல்லாத புக்கா இருந்தா அது தாராளமா போதும். படம் நெறைய எழுத்து கம்மி, அதுவும் இங்கிலீஷ்னா அஃபினிட்டில பாதி நேரத்துல முடிஞ்சுரும். எதுல பண்ணாலும் வேலை முடிஞ்ச அன்னைக்கே டெக்ஸ்ட்ட தனியா ஒரு சாதா யூனிகோட் ஃபைலா எடுத்து வெச்சுருங்க, இன்டிசைன்னா கூடவே ஒரு ஐடிஎம்எல், படங்க தனி ஃபோல்டர், ஃபாண்ட்டும் அதுலயே. அந்த ஒரு வாரம் போனப்புறம் நான் ஒரு வேலைக்கு கூட இத விட்டதில்ல.