பேனர் கடை: அச்சு அருமை, அடைமொழி இலவசம்

அக்கா மகளுக்குக் காதணி விழா. 8க்கு 6 அடியில் ஒரு ஃபிளக்ஸ் அடிக்க எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கடைக்குப் போனேன் (பெயர் வேண்டாம், அடுத்த விசேஷத்துக்கும் அங்கேதான் போயாக வேண்டும்). சதுர அடி 12 ரூபாய், ஃபிரேம் தனி. கலர் நன்றாக வருகிறது, எழுத்து பிசிறில்லை.

ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர், அறுபதைத் தாண்டியிருப்பார், 'மாவட்டத்துக்கு' பிறந்தநாள் பேனர். உச்சியில் தலைவர்கள் தபால்தலை அளவில் வரிசையாக, நடுவில் மாவட்டச் செயலாளர் ஆள் உயரத்துக்குச் சிரித்தபடி, கீழ் மூலையில் காசு கொடுப்பவர் கும்பிட்டபடி. டிசைன் தம்பி பாவம் பார்த்து இவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினான். மனிதர் பதறிவிட்டார். "வேணாம் தம்பி, ஒன்றியத்தைவிடப் பெருசாத் தெரியுது, வம்பாயிடும்." சுருக்கிச் சுருக்கி, கடைசியில் கும்பிடுகிற கைதான் தெரிந்தது, முகத்தைத் தேட வேண்டியிருந்தது. வாசகம், "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்". மாவட்டத்துக்கு வயது 42!

தம்பியின் கம்ப்யூட்டரில் கட்சிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் 'சிங்கமே', 'பாசத்தலைவனே', 'வருங்காலமே' எல்லாம் தயாராக இருக்கின்றன, பெயரை மாற்றினால் போதும். யாருக்குப் பதவி போகிறது என்பது பேப்பருக்கு முன்னால் இவனுக்குத் தெரிந்துவிடுமாம், ஏனென்றால் "அவர் படத்தை எடுத்துடு தம்பி" என்று முந்தின நாளே போன் வரும். நேற்றுவரை அவர் காலில் விழுந்தவர்கள்தான் போன் செய்வார்களாம்.

சரி, என் பேனருக்கு வருகிறேன். பழைய டிசைனிலேயே குழந்தை படத்தை ஏற்றியிருக்கிறான், விரித்துப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கீழே "அண்ணன் வழியில் அயராது உழைக்கும் தம்பிகள்". அக்கா சிரிக்கவே இல்லை. மறுபடி காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார்கள், ஆனால் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது பந்தி ஆரம்பித்த பிறகு.

இன்னொன்று. அனுமதி எண்ணும் அச்சகத்தின் பெயரும் பேனரின் அடியில் இருக்க வேண்டும் என்பது விதி. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு இறந்த பிறகு, கட்சிகளே இனி பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. மாவட்டத்தின் பேனரில் எண் எங்கே என்று கேட்டேன். "அண்ணன் பேனரை யாரு சார் கழட்டுவா?" என்றான் தம்பி.

அச்சுக்கு நான்கு நட்சத்திரம், நேரத்துக்கு ஒன்று. வீட்டு விசேஷம் என்றால் தலைவர்கள் பிறந்தநாள் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். அப்புறம், அடிக்கும் முன் கடைசி வரியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.