பால் பேரிங்குக்கு எந்த வழி: பெரிய கப்பலா, விரைவுப் படகா?

இரண்டாம் உலகப்போரில் சுவீடனின் பால் பேரிங்குகளை (இயந்திரங்கள் உராய்வு குறைந்து சுழல உதவும் எஃகு உருண்டைத் தாங்கிகள்) ஜெர்மன் முற்றுகையைத் தாண்டி பிரிட்டனுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் சிக்கியிருந்த நார்வே வணிகக் கப்பல்கள். 1941 ஜனவரியில் ஐந்து கப்பல்கள் கிளம்பி, ஐந்தும் சுமார் 25,000 டன் சரக்கோடு கரை சேர்ந்தன. அடுத்த முறை உரிமைத் தகராறு குறுக்கே வந்தது. லண்டனிலிருந்த நார்வே அரசு கப்பல்களைக் கையகப்படுத்தி பிரிட்டனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நார்வேயிலிருந்த உரிமையாளர்கள் பெயரில் சுவீடன் நீதிமன்றத்தில் தடை கேட்கப்பட்டது. பிரிட்டனுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது 1942 மார்ச்சில். நீண்ட குளிர்கால இரவுகள் போய்விட்டன, ஜெர்மானியர்களும் காத்திருந்தார்கள். கிளம்பிய பத்தில் கரை சேர்ந்தவை இரண்டே. ஆறு மூழ்கின, இரண்டு திரும்பின. பறிபோன உயிர்களை நினைத்தால், வழக்கில் கழிந்த அந்த மாதங்கள் நெஞ்சை அறுக்கின்றன.

மற்றொன்று, 1943 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து சுவீடனின் லைசெகிலுக்கு ஓடத் தொடங்கிய ஐந்து விரைவுப் படகுகள். பிரிட்டிஷ் வணிகக் கொடி, வணிக மாலுமிகள். ஆகவே வழக்குக்கு இடமில்லை. ஒரு நடைக்கு ஏறக்குறைய 40 டன்தான். என்ஜின் கோளாறும் மோசமான வானிலையும் பயணங்களைத் தள்ளிப்போட்டன. ஒரு படகு பிடிபட்டது. 1944 மார்ச் வரை வந்தது சுமார் 348 டன்.

கொள்ளளவு வேண்டுமென்றால் கப்பல், ஆனால் ஜனவரி இருட்டிலேயே கிளம்ப முடிந்தால் மட்டும். கப்பலின் உரிமை நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், படகே மேல்.